தானியக் களஞ்சியத்தின் கீழ் ஒரு மாதா: புளோரன்ஸ் ஓர்சான்மிக்கேலே சபையும் அதன் கட்டடமும்

புளோரன்ஸ் நகரின் பேராலயத்திலிருந்து ஆட்சி மாளிகைக்குச் செல்லும் கடைவீதியில் பாதி தூரம் வந்ததும், தேவாலயமா கிடங்கா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாத ஒரு கட்டடம் எதிர்ப்படுகிறது. அதற்குக் கோபுரமும் இல்லை, குவிமாடமும் இல்லை. செவ்வகமாக, கனத்த கல்லால், மூன்று தளங்களாக நேரே எழுந்து நிற்கிறது. கீழ்த்தளத்தின் வெளிச்சுவரைச் சுற்றிப் 14 மாடங்களில் புனிதர்களின் சுரூபங்கள் இருப்பதால் இது வழிபாட்டு இடம் என்று ஊகிக்கலாம். உள்ளே போய்ப் பார்த்தால் தூண்களில் சில துளைகள் தெரியும்; மேல்தளத்தில் கொட்டி வைத்த கோதுமை, தூணுக்குள் குடைந்த வழியாக இறங்கி இந்தத் துளைகளில் வந்து விழுந்தது. நகரத்தின் பஞ்சகாலக் கையிருப்பு மேலேயும், நோய்தீர்க்கும் மாதா என்று மக்கள் நம்பிய ஓவியம் கீழேயும் இருந்த இந்த இடத்தின் பெயர் ஓர்சான்மிக்கேலே.

அந்த ஓவியத்தைச் சுற்றி 1291-இல் ஒரு பக்த சபை உருவானது. வந்த காணிக்கையை உடைமையாகச் சேர்க்காமல் ஏழைகளுக்கே பகிர்ந்தளித்த அந்தச் சபை, எழுபது ஆண்டுகளுக்குள் பளிங்கும் பொன்னும் வண்ணக் கண்ணாடியும் இழைத்த ஒரு பேழைக்கோயிலைக் கட்டி முடித்தது. இரண்டுக்கும் இடையில் நடந்தது என்ன என்பதே இந்த ஆய்வின் கேள்வி. ஊழல் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது எளிது. அக்காலத்து வரலாற்றாசிரியர் ஒருவர் ஏறத்தாழ அப்படித்தான் முடித்தார். ஆனால் கட்டடத்தின் அமைப்பையும் அது கட்டப்பட்ட வரிசையையும் சேர்த்துப் பார்த்தால், ஊழல் கதையின் ஒரு பகுதி மட்டுமே என்பது புலப்படும்.

தோட்டம், சந்தை, தூணில் ஒரு படம்

இந்த இடத்தில் முதலில் இருந்தது அதிதூதர் மிக்கேலின் சிறு கோயில். ஒரு மடத்தின் தோட்டத்தை ஒட்டி இருந்ததால் அதைத் தோட்டத்து மிக்கேல் கோயில் என்று மக்கள் அழைத்தார்கள். இத்தாலியப் பேச்சு வழக்கில் அந்தத் தொடர் சுருங்கி ஓர்சான்மிக்கேலே ஆயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோயில் இடிக்கப்பட்டு, அந்தத் திடல் நகரத்தின் தானியச் சந்தையானது. மழையிலும் வெயிலிலும் தானியம் கெடாதிருக்க 1280-களில் அங்கே ஒரு திறந்த மண்டபம் எழுந்தது. அதன் செங்கல் தூண்களில் ஒன்றில் கன்னி மரியாவின் படம் தீட்டப்பட்டிருந்தது. சந்தையில் சாமி படம் இருப்பது அன்றைய இத்தாலியில் யாரும் வியக்கும் செய்தி அல்ல.

1292 ஜூலை 3-ஆம் நாள் முதல் அந்தப் படத்தின் முன் புதுமைகள், அதாவது அற்புதங்கள், நிகழத் தொடங்கின என்று நகர வரலாற்றை எழுதிய ஜொவான்னி வில்லானி பதிவு செய்கிறார். நோயாளிகள் குணமடைந்தார்கள், முடவர்கள் நடந்தார்கள், பேய் பிடித்தவர்கள் விடுபட்டார்கள் என்ற செய்தி பரவியது. சபை அதற்கு முந்தைய ஆண்டே, 1291 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கப்பட்டிருந்தது. ஆகவே புதுமையைக் கண்டு சபை கூடியது என்பதைவிட, மாலைதோறும் படத்தின் முன் பாடிக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவில் புதுமை பிறந்தது என்பதே கால வரிசைக்குப் பொருந்துகிறது. அவர்கள் பாடியவை இலத்தீன் மந்திரங்கள் அல்ல. வீட்டிலும் வீதியிலும் பேசிய மொழியில் அமைந்த புகழ்ப்பாக்கள். தங்களையே சாட்டையால் அடித்துக்கொண்டு பாவப் பரிகாரம் தேடிய சபைகளும் அந்நாளில் இருந்தன. இந்தச் சபை அந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஆண்களும் பெண்களும் இதில் சேரலாம். பாடலும் மெழுகுவர்த்தியும் பிச்சையிடுதலுமே அவர்களுடைய கடமைகள்.

எல்லாரும் இதை வரவேற்கவில்லை. தொமினிக்கத் துறவிகளும் பிரான்சிஸ்கத் துறவிகளும் பொறாமையாலோ வேறு காரணத்தாலோ இந்தப் புதுமைகளை நம்பவில்லை என்கிறார் வில்லானி. தாந்தேயின் நண்பரான கவிஞர் குயிதோ காவல்காந்தி இதே சர்ச்சையைப் பதினான்கு வரிப் பாடல் ஒன்றில் கேலியாகத் தொட்டார்: தோட்டத்து மிக்கேலில் தன் தலைவியின் சாயலில் ஒரு வடிவம் வணங்கப்படுகிறது, அது நோயைத் தீர்க்கிறது, அது தங்கள் பக்கத்தில் இல்லாததால் பிரான்சிஸ்கர்கள் அதைச் சிலை வழிபாடு என்கிறார்கள். நகைச்சுவையை நீக்கிவிட்டுப் பார்த்தால் ஒரு நடைமுறைச் செய்தி மிஞ்சுகிறது. காணிக்கை இதுவரை துறவிகளின் பெருங்கோயில்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது அதில் ஒரு பங்கு, குருக்களின் பிடியில் இல்லாத, இல்லறத்தார் நடத்தும் ஒரு சபையின் உண்டியலுக்குத் திரும்பியது.

அந்த உண்டியலைப் பற்றி வில்லானி சொல்வது இந்த ஆய்வுக்கு மிக முக்கியம். நகரத்தின் மேன்மக்களில் பெரும்பகுதியினர் சபையில் இருந்தார்கள். ஆண்டுக்கு 6,000 லீராவுக்கு மேல் ஏழைகளுக்குப் போனது. பின்னாளில் வருமானம் அதைவிடப் பெருகியும் சபை எந்த உடைமையும் வாங்காமல் அனைத்தையும் பகிர்ந்தளித்தது என்று அவர் எழுதுகிறார். உடைமை இல்லாமை இங்கே குறையாகச் சொல்லப்படவில்லை, பெருமையாகச் சொல்லப்படுகிறது.

எரிந்ததும் எழுந்ததும்

1304 ஜூன் 10 அன்று, கறுப்பர் வெள்ளையர் என்று இரு கட்சிகளாகப் பிரிந்து அடித்துக்கொண்டிருந்த நகரத்தில், நேரி தெலி அபாத்தி என்னும் குரு ஒருவரே தீ வைத்தார். காற்று வலுவாக இருந்ததால் நகரத்தின் நெஞ்சுப்பகுதி முழுவதும் பற்றிக்கொண்டது. மாளிகைகளும் கோபுரங்களும் வீடுகளுமாக 1,700-க்கு மேல் அழிந்தன என்பது வில்லானியின் கணக்கு. ஓர்சான்மிக்கேலே மண்டபமும் அந்தத் தீயில் சிக்கியது. மாதா படத்தைக் கேலியோடு பாடிய கவிஞரின் குலமான காவல்காந்திகளும் அந்தத் தீயில் சொத்திழந்து எழ முடியாமல் போனார்கள். மண்டபத்தைச் சரிசெய்தார்கள், பழைய படத்தின் இடத்தில் புதிய படம் வந்தது, சந்தையும் பாடலும் தொடர்ந்தன.

இந்த இடைக்காலத்துச் சந்தை எப்படி இருந்தது என்பதை நாம் கண்ணால் பார்க்க முடிவதற்குக் காரணம் தொமேனிக்கோ லென்சி என்னும் தானிய வணிகர். ஏறத்தாழ 1320 முதல் 1335 வரை சந்தையில் விற்ற விலைகளை அவர் குறித்து வைத்தார். அந்த ஏட்டின் படமிட்ட பிரதி இன்றும் புளோரன்ஸின் லவுரென்சியானா நூலகத்தில் இருக்கிறது. 1329-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் சியேனா நகரம் தன் ஏழைகளைத் துரத்திவிட, புளோரன்ஸ் அவர்களை ஏற்றுக்கொண்டதை அவர் எழுதியிருக்கிறார். சொந்த ஊர்ப் பெருமை அதில் கலந்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே ஏட்டில், தானியத்துக்காகக் கூட்டம் முண்டியடித்தபோது கலகக்காரர்களை மிரட்டுவதற்காகச் சந்தை நடுவில் வெட்டுக்கட்டையும் கோடரியும் வைத்துக் காவலர்கள் நின்றதும் இருக்கிறது. மரக்கால் மரக்காலாக அளக்கும் வணிகர்கள், பின்னால் மாடத்தில் மாதா, அருகே கோடரி: சபையின் அறம் நடந்த சூழல் இதுதான். பசி இங்கே தொலைவிலிருந்து கேள்விப்படும் செய்தியாக இருக்கவில்லை. பிச்சை கொடுத்தவரும் வாங்கியவரும் விலையைச் சொல்லிக் கத்தியவரும் ஒரே கூரையின் கீழ் நின்றார்கள்.

அதனால்தான் 1337 ஜூலை 29 அன்று புதிய கட்டடத்துக்கு அடித்தளம் போட்டபோது, நகராட்சி அதை வெறும் கோயிலாகவோ வெறும் சந்தையாகவோ திட்டமிடவில்லை. மெலிந்த செங்கல் தூண்களுக்குப் பதிலாகச் செதுக்கிய பெருங்கற்களால் தூண்கள் எழுப்பவும், மேலே வளைகூரைத் தளங்கள் அமைத்து ஆண்டுதோறும் மக்களுக்கான தானியத்தைக் காக்கவும் முடிவானது. மேற்பார்வை பட்டு வணிகர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. கீழ்த்தளம் நான்கு பக்கமும் திறந்த மண்டபம். நடுவில் தனித்து நிற்கும் இரண்டு தூண்கள் இடத்தை ஆறு கட்டங்களாகப் பிரிக்கின்றன. தேவாலயத்துக்குப் பழகிய கண்ணுக்கு இது குழப்பமான அமைப்பு. நுழைந்தவுடன் நேர் எதிரே பீடம் இல்லை. நடுத்தூணின் வரிசைதான் எதிரே வருகிறது. மாதாவின் பீடம் ஒரு மூலையில் இருக்கிறது. சந்தைக்காகப் போட்ட திட்டத்துக்குள் வழிபாடு குடிபுகுந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1347-இல் பெர்னார்தோ தாத்தி புதிய மாதா படத்தைத் தீட்டி முடித்தார். இன்று நாம் காண்பது அந்தப் படமே. அது முடிந்த மறு ஆண்டு கொள்ளைநோய் வந்தது.

1348

நகரத்தின் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த ஆண்டில் மாண்டார்கள் என்பதே பொதுவான மதிப்பீடு. ஜொவான்னி வில்லானியும் அந்த நோயில் இறந்தார். அவருடைய தம்பி மத்தேயோ வரலாற்றைத் தொடர்ந்து எழுதினார். தொடக்க அதிகாரங்களிலேயே அவர் ஓர்சான்மிக்கேலே சபையை எடுத்துக்கொள்கிறார்.

அவர் விவரிக்கும் வழிமுறை இது. பிள்ளைகளும் உறவினரும் கண்முன்னே சாவதைப் பார்த்தவர்கள் உயில் எழுதினார்கள். வாரிசு உயிரோடிருந்தால் சொத்து வாரிசுக்கு. வாரிசும் இறந்தால் சபைக்கு. சாதாரண காலத்தில் இரண்டாவது வரி வெறும் பக்திச் சொல்லாகவே நின்றிருக்கும். அந்த ஆண்டில் அது நூற்றுக்கணக்கான வீடுகளில் செயலுக்கு வந்தது. சில மாதங்களில் சபைக்குச் சேர்ந்தது 350,000 பொன் புளோரினுக்கு மேல் என்கிறார் மத்தேயோ. இதன் அளவை உணர ஒரே ஒரு ஒப்பீடு போதும்: அவருடைய அண்ணன் பத்தாண்டுகளுக்கு முன் குறித்த நகராட்சியின் ஆண்டு வருமானமே ஏறத்தாழ 300,000 புளோரின்தான். மத்தேயோவின் எண்ணை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வதந்தியில் எண்கள் வீங்கும். ஆயினும் ஒரு பிச்சைச் சபை, தன்னை ஆண்ட அரசின் கருவூலத்தோடு வைத்துப் பேசப்படும் நிலைக்கு வந்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

அடுத்து அவர் சொல்வதில் கசப்பு ஏறுகிறது. பிச்சை எடுப்பவர்கள் ஏறத்தாழ எல்லாரும் இறந்துவிட்டார்கள். பிழைத்திருந்த எளிய பெண்களுக்குக்கூடப் பொருள் நிறைந்து கிடந்ததால் அவர்கள் பிச்சை தேடவில்லை. கொடுக்கப் பணம் மலைபோல் இருந்தது, வாங்க ஆளில்லை. இதைக் கண்ட குடிமக்கள் சபைத் தலைவர் பதவிக்கு அலைமோதினார்கள். இறந்தவர்களின் வீட்டுச் சாமான்கள் விற்பனைக்கு வந்தபோது, பெரும் வணிகர் வீட்டு நல்ல பொருள்களைத் தலைவர்கள் மலிவு விலைக்குத் தங்களுக்கே எடுத்துக்கொண்டு, மட்டமானவற்றைப் பொது ஏலத்தில் விட்டார்கள். பணத்தை ஆளுக்கொரு பங்காக வைத்துத் தங்கள் ஆதாயத்துக்குப் புழங்கினார்கள். பிச்சையையும் ஒவ்வொரு தலைவரும் தமக்குப் பிடித்த இடத்துக்குக் கொடுத்தார்.

இந்தக் குற்றச்சாட்டில் இரண்டு தனித்தனிச் செய்திகள் ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. சாமான்களைத் தலைவர்கள் வாங்கியது கை சுத்தமின்மை. அதற்கு வேறு பெயர் இல்லை. பணம் தேங்கியது அப்படியல்ல. சபையின் முழு அமைப்பும் அன்றாடம் வந்ததை அன்றாடம் கொடுப்பதற்காக உருவானது. மெழுகுவர்த்தி விற்ற காசு, உண்டியல் காசு, சிறு உயில் கொடைகள் என்று சிற்றோடையாக வந்ததை அப்படியே வெளியே விடுவதுதான் அதற்குத் தெரிந்த வேலை. வீடும் நிலமும் கடைப்பங்கும் தட்டுமுட்டுச் சாமானுமாக ஒரு வெள்ளம் வந்து நின்றபோது, அதைக் கணக்கெடுக்கவோ காக்கவோ விற்கவோ உரிய ஆள்கட்டும் வழக்கமும் அதனிடம் இல்லை. உடைமை வாங்குவதில்லை என்ற பெருமையே இப்போது குறையாக மாறியது: சொத்தை ஆளத் தெரியாதவர்களிடம் ஊரின் சொத்து வந்து சேர்ந்தது. நேர்மையான தலைவர்களே இருந்திருந்தாலும் அந்த ஆண்டின் பணத்துக்கு அந்த ஆண்டிலேயே ஏழை கிடைத்திருக்க மாட்டான்.

பளிங்குப் பேழை

தேங்கிய பணத்தில் ஒரு பகுதிக்கு 1352-இல் வழி கிடைத்தது. ஓர்காஞ்ஞா என்னும் புனைபெயரால் அறியப்பட்ட ஆந்த்ரேயா தி சோனேயிடம் மாதா படத்துக்கு ஒரு பளிங்குப் பேழை செய்யும் பணி ஒப்படைக்கப்பட்டது. 1359-இல் அது முடிந்தது. முடித்த ஆண்டையும் தன் பெயரையும் அவர் கல்லில் வெட்டியிருக்கிறார். அந்த வரியில் தன்னை ஓவியர் என்றும் இந்த வழிபாட்டிடத்தின் தலைமைச் சிற்பி என்றும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறார். மரியாவின் வாழ்க்கைக் காட்சிகள் எட்டுமூலைப் பலகைகளாகப் பீடத்தைச் சுற்றி வருகின்றன. பின்புறத்தில் அவளுடைய இறப்பும் விண்ணேற்பும் ஒரே பெரிய புடைப்புச் சிற்பமாக உள்ளன. இறப்புக் காட்சியில் நிற்பவர்களில் ஒருவர் ஓர்காஞ்ஞாவே என்பது பழைய மரபு. தூணுக்குத் தூண், விளிம்புக்கு விளிம்பு, நீலமும் பொன்னும் செம்மையுமான கண்ணாடித் துண்டுகள் பதிந்திருக்கின்றன. மெழுகு ஒளியில் இந்தத் துண்டுகள் எப்படி மின்னியிருக்கும் என்பதை இன்றைய மின்விளக்கில் நின்றுகொண்டு ஊகிக்கத்தான் முடியும்.

இதை வீண்செலவு என்று சொல்வது நம் காலத்துக்கு எளிது. அன்றைய சபையினரின் கண்ணில், உயிர் பிழைத்தவர்கள் மாதாவுக்குச் செலுத்த வேண்டிய நேர்ச்சை இது. இறந்து கொடையளித்தவர்களின் ஆன்மாவுக்கும் இது உதவும். ஆனாலும் ஒரு மாற்றத்தை மறைக்க முடியாது. முன்பு சந்தைக்கு வந்த எவனும் தலைநிமிர்ந்தால் படத்தைப் பார்த்தான். இப்போது படம் பளிங்குக் கூட்டுக்குள் போனது. சுற்றி வேலி வந்தது. காண்பதற்கு நேரமும் முறையும் உண்டாயின.

கட்டடமும் அதே திசையில் நகர்ந்தது. தானிய விற்பனை வேறிடத்துக்குப் போனது. 1367-க்கும் 1380-க்கும் இடையில் சிமோனே தலேந்தி திறந்த வளைவுகளை நுண்ணிய கல்வேலைப்பாட்டோடு அடைத்தார். மண்டபம் கோயிலானது. மேலே களஞ்சியத் தளங்கள் மட்டும் தொடர்ந்து எழும்பிப் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறைவுற்றன. உள்ளே இன்னொரு பீடம் புனித அன்னம்மாளுக்கு உரியது. 1343-இல் அவளுடைய திருநாளான ஜூலை 26 அன்றுதான் ஏதென்ஸ் பிரபு என்ற பட்டம் கொண்ட கொடுங்கோலனை நகரத்தார் விரட்டினார்கள். ஏழைகளின் மாதாவுக்குப் பக்கத்தில் குடியரசின் புனிதையையும் குடியேற்றியபோது, இந்த இடம் யாருடையது என்ற கேள்விக்கு நகராட்சி தன் விடையைச் சொல்லிவிட்டது. சபைத் தலைவர்களின் தேர்விலும் கணக்கிலும் அரசின் கை படிப்படியாக நுழைந்ததும் இதன் தொடர்ச்சியே.

வெளிச்சுவர் மாடங்களின் கதை புகழ்பெற்றது என்பதால் இங்கே சுருக்கமாகப் போதும். 1339-இலேயே தூண்களை அணிசெய்யும் உரிமை தொழிற்குழுக்களுக்குத் தரப்பட்டிருந்தது. அவை சுணங்கியதால் 1406-இல் பத்தாண்டு கெடு விதிக்கப்பட்டது. அதன் பின்னரே சிற்பிகள் செதுக்கியும் வார்த்தும் தந்த சுரூபங்கள், தொனாத்தெல்லோவின் மாற்கும் ஜார்ஜும், நன்னி தி பாங்கோவின் நான்கு மறைசாட்சிகளும், கிபெர்ட்டியின் வெண்கல யோவானும் வந்தார்கள். துணி வணிகர் குழுவின் யோவானுக்குக் குறையாத உயரத்தில் தங்கள் மத்தேயு இருக்க வேண்டும் என்று பணமாற்றுவோர் குழு கிபெர்ட்டியோடு செய்த ஒப்பந்தத்தில் எழுதிவைத்தது. கலை வரலாறு இந்தக் கட்டடத்தை இந்தச் சுரூபங்களுக்காகவே நினைவில் வைத்திருக்கிறது. பிச்சைச் சபை அந்த வரலாற்றில் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பு.

பின்னால் நடந்தவை

1569-இல் அப்போது நகரத்தை ஆண்ட முதலாம் கோசிமோ களஞ்சியத் தளங்களை நோட்டரிகள் எழுதிய ஒப்பந்தங்களின் ஆவணக் காப்பகமாக மாற்றினார். கோதுமை இருந்த இடத்தில் உயில்களும் கிரயப் பத்திரங்களும் அடுக்கப்பட்டன. எதிரே இருந்த கம்பளிக் குழுவின் மாளிகையிலிருந்து தெருவுக்கு மேலாக ஒரு வளைவுப் பாலமும் போடப்பட்டது. இன்று மேல்தளம் அரும்பொருளகம். அசல் சுரூபங்கள் பெரும்பாலும் அங்கே இருக்கின்றன, வெளி மாடங்களில் நிற்பவை நகல்கள். சபையின் கணக்கேடுகள் புளோரன்ஸ் அரசு ஆவணக் காப்பகத்தில் தலைவர்களின் தொகுதி என்ற பெயரில் உள்ளன.

ஓர்சான்மிக்கேலேயிலிருந்து சில நிமிட நடையில், தாந்தேயின் வீடு என்று காட்டப்படும் இடத்துக்கு அருகே, சான் மார்த்தினோ என்னும் சிறு வழிபாட்டிடம் இருக்கிறது. 1442-இல் சான் மார்க்கோ மடத்துத் துறவி அந்தோனீனோ அங்கே பன்னிரண்டு பேரைக் கொண்டு ஒரு சபை தொடங்கினார். நகர மக்கள் அவர்களை நல்லவர்கள் என்ற பொருளில் புவோனோமினி என்று அழைத்தார்கள். வாழ்ந்து கெட்டு, கையேந்த வெட்கப்பட்டு வீட்டுக்குள் பட்டினி கிடந்தவர்களைத் தேடிக் கொடுப்பது அவர்கள் வேலை. சொத்து சேர்ப்பதில்லை என்பது அவர்களின் விதி. வீடோ நிலமோ கொடையாக வந்தால் விற்றுப் பகிர்ந்துவிட வேண்டும். கையில் காசு தீர்ந்தால் வாசலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள், ஊரார் புரிந்துகொள்வார்கள் என்பது அவர்களைப் பற்றிய மரபுச் செய்தி.

அந்தச் சிறு இடத்தின் சுவர்களில், ஓவியர் கிர்லாந்தையோவின் பட்டறையைச் சேர்ந்தவர்கள் தீட்டியவை என்று கருதப்படும் பத்து அரைவட்ட ஓவியங்கள் உள்ளன. பிள்ளை பெற்றவளுக்கு உணவு கொண்டுபோவது, கடனுக்காகச் சிறைப்பட்டவனை மீட்பது போன்ற காட்சிகளுக்கு நடுவே, முதலில் பார்ப்பவர் எதற்கென்று வியக்கும் ஒன்றும் இருக்கிறது. கொடையாக வந்த ஒரு வீட்டின் அறை அது, பெட்டி திறந்திருக்கிறது, உள்ளே இருக்கும் துணிமணிகளை ஒருவர் எடுத்துக் காட்ட, இன்னொருவர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதிக்கொண்டிருக்கிறார்.